பழைய பொம்மைக் காரை ஹாட் ராடாக்குவது: முதல் வண்டிக்கான செய்முறை

ஹாட் ராட் என்றால் பின்னால் பெரிய சக்கரம், முன்னால் சின்னது என்று மூக்கைத் தாழ்த்தி மாற்றிய கார். வீட்டு மச்சிலோ டவுன் பக்கம் பழைய இரும்புக் கடையிலோ ஒரு உலோகப் பொம்மைக் கார் கிடைத்தால், முதலில் திருப்பி அடித்தகட்டைப் படியுங்கள். லெஸ்னி, இங்கிலாந்து என்று இருந்தால் அது மேட்ச்பாக்ஸ் என்ற பழைய பொம்மைக் கார் வரிசை; அது 1953-ல் தொடங்கியது. அதில் பெயிண்ட் பாதிக்கு மேல் நிற்கிறதென்றால் துடைத்து அலமாரியில் வையுங்கள். ஒரிஜினல் பெயிண்டைச் சுரண்டிவிட்டால் திரும்ப வராது. 1968-ல் தொடங்கிய ஹாட் வீல்ஸ் என்ற பொம்மைக் கார்களில் அடியில் இருக்கும் ஆண்டு டிசைனுக்கான உரிமை ஆண்டு மட்டுமே. வண்டி பல வருடம் கழித்தும் வார்க்கப்பட்டிருக்கலாம். அதை நம்பி விலை பேசாதீர்கள்.

பெயிண்ட் உரிந்த, சாதாரண வண்டிதான் நமக்கு வேண்டியது. கூடவே பெரிய சக்கரத்துக்காக இன்னொரு உடைசல் வண்டி. உடம்பில் மயிரிழை விரிசலோ உப்பலோ தெரிந்தால் ஒதுக்கிவிடுங்கள். வண்டியை வார்த்த துத்தநாகக் கலவையில் ஈயம் கலந்துபோனதால் உள்ளுக்குள்ளேயே அரிக்கிறது. ஈரக்காற்று பட்டால் இன்னும் வேகமாகும், இதற்கு மருந்து இல்லை.

அடித்தகட்டைப் பிடித்திருக்கும் ரிவெட்டின் நடுவில் சென்டர் பஞ்ச் என்ற கூர்முனை உளியால் ஒரு புள்ளி குத்துங்கள். குத்தாமல் ட்ரில் வைத்தால் வழுக்கி, பொறித்த எழுத்தைக் கிழித்துவிடும். முதலில் 2 மி.மீ. பிட், பிறகு 3 மி.மீ. பிட், மெதுவான வேகம். ரிவெட்டின் குடைத்தலை வளையமாகக் கழன்று பிட்டோடு சுற்றும். அந்த நொடியே நிறுத்துங்கள். அதற்கு மேல் இறக்கினால் ரிவெட்டுக்கு அடியில் உடம்போடு சேர்ந்திருக்கும் தூண் போய்விடும், திரும்பப் பூட்ட இடமிருக்காது. அதே தூணில் 1.6 மி.மீ. துளை போட்டு எம்2 (2 மி.மீ. திருகுக்கான) டேப் என்ற மரைக் கருவியால் மரை வெட்டுங்கள்: ஒரு சொட்டு எண்ணெய், அரைச் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே. பின்னே வராமல் முறுக்கினால் சீவல் அடைத்து டேப் உள்ளேயே முறியும். கூரையில் ஓட்டை விழாமலிருக்க துளை போடுமுன் பிட்டில் 5 மி.மீ. உயரத்தில் ஒட்டுநாடா சுற்றி அடையாளம் வையுங்கள்.

கண்ணாடி, சீட், சக்கரம் எல்லாவற்றையும் கழற்றிய பிறகே பெயிண்ட் ரிமூவர். கையுறையோடு, காற்றோட்டமான இடத்தில், 15 நிமிடம் ஊறவிட்டு பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்து, சோப்புத் தண்ணீரில் அலசி உடனே துடையுங்கள். நம் ஊரில் குத்துவிளக்கு தேய்க்கிற பழக்கத்தில் புளியை எடுத்துவிடாதீர்கள். பித்தளையைப் பளிச்சென்று ஆக்கும் அதே புளிப்பு துத்தநாகத்தைத் தின்று கருக்கச் செய்யும். காஸ்டிக் சோடாவும் அப்படித்தான்.

தண்ணீர் தொட்டு 400, பிறகு 800 நம்பர் உப்புத்தாளால் தேயுங்கள். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்தபின் விரல் படக்கூடாது. விரல் எண்ணெய் பட்ட இடத்தில் பெயிண்ட் விலகிக் குழி விழும். பிரைமர் ஒரு கோட், பிறகு 20 செ.மீ. தள்ளி நின்று மெல்லிய மூன்று கோட், பத்து நிமிட இடைவெளி. அவசரப்பட்டு ஒரே கோட்டாக அடித்தால் கதவுக் கோடுகள் நிரம்பிப் போகும்.

நேரம் பார்த்து அடிப்பதில்தான் பாதி வேலை. சித்திரை வெயிலில் நண்பகலில் அடித்தால் துளிகள் காற்றிலேயே காய்ந்து சொரசொரவென்று படியும். ஐப்பசி, கார்த்திகை மழையிலோ பெயிண்ட் பால்போல வெளுக்கும். ஆனி, ஆடிக் காற்றோ தூசியை அள்ளிக்கொண்டு வரும். எந்த மாதமானாலும் வெயில் ஏறுமுன், மழை இல்லாத காலையில், நிழலில், அட்டைப் பெட்டிக்குள் வைத்து அடியுங்கள். ஒரு நாள் முழுக்கக் காயட்டும்.

பின்னால் பெரிய சக்கரம், முன்னால் சின்னது: மூக்கு தாழ்ந்த அந்த நிற்கும் தோரணைதான் ஹாட் ராட். அமெரிக்காவில் 1932 ஃபோர்டு போன்ற பழைய கார்களைப் பிரித்துப் போட்டவர்கள் கொண்டுவந்தது. பழைய ஆக்ஸிலின் தடிமனை வெர்னியர் அளவுகோலில் அளந்து, அதே தடிமனுள்ள எஃகுக் கம்பியை வெட்டி, இருபுறமும் அரை மி.மீ. ஆட்டம் விடுங்கள். சக்கரம் மட்கார்டில் உரசினால் உள்பக்கம் அரத்தால் ராவுங்கள், வெளியே தொடாதீர்கள்.

கண்ணாடியை ஒட்ட சூப்பர் க்ளூ வேண்டாம். அதன் ஆவி கண்ணாடியில் வெள்ளையாகப் பூத்துவிடும். வெள்ளைப் பசை ஒரு துளி போதும். அது காய்ந்தபின் அடித்தகட்டை வைத்து 4 மி.மீ. நீளமுள்ள எம்2 திருகைக் கையால் முடுக்குங்கள், இறுகியதும் விடுங்கள்.