கார் எஞ்சினில் ஜெட் படகு: காசும் எஞ்சினும் வீணாகும் இடங்கள்

பம்ப்பால் தண்ணீரை உறிஞ்சிப் பின்னால் பீய்ச்சி ஓடும் ஜெட் படகைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் நியூசிலாந்தின் பில் ஹாமில்டன். 1950களில், ஆழமில்லாத ஆறுகளில் ஓடுவதற்காக அவர் அதை உருவாக்கினார். அடியில் விசிறி தொங்காது என்பதால், கோடையில் தண்ணீர் வற்றும் குமரி மாவட்டத்துக் குழித்துறை ஆற்றுக்கு இந்த ஆசை வருவது நியாயம்தான். ஆனால் நம் ஊரில் பலரும் தொடங்கும் இடமே தவறு. பழைய மாருதி எஞ்சின் மலிவாகக் கிடைத்ததும் வாங்கிப் போட்டுவிட்டு, அதற்கு ஏற்ற பம்ப்பைத் தேடுகிறார்கள். முதலில் படகின் எடை, அடுத்து பம்ப், கடைசியில்தான் எஞ்சின்.

காரணம் ஒரு கணக்கு. ஜெட் பம்ப் கேட்கும் சக்தி, சுற்றின் மும்மடிக்கு ஏற்பக் கூடும்; சுற்று இரட்டித்தால் சக்தி எட்டு மடங்கு. நிமிடத்துக்கு 7,000 சுற்றில் 110 குதிரைத்திறன் கேட்கும் பம்ப், 5,000 சுற்றில் ஏறக்குறைய 40தான் கேட்கும். மாருதி 800 எஞ்சினின் உச்சமே 37 குதிரைத்திறன், அதுவும் 5,000 சுற்றில். பார்த்தால் ஜோடி பொருந்தியதுபோல இருக்கும். ஆனால் எஞ்சின் எப்போதும் தன் உச்சத்திலேயே நின்று உழைக்கும். கிடைக்கும் தள்ளுவிசையோ கனமான ஃபைபர் படகை நீர்மேல் எழுப்பப் போதாது. 80 குதிரைத்திறன் உள்ள மாருதி ஜிப்ஸி எஞ்சினை அதே பம்ப்பில் மாட்டினால் அது 6,000 சுற்றைத் தாண்டி ஓடும். சாலையில் கார் எஞ்சினுக்கு மூச்சு வாங்க நேரம் உண்டு. இறக்கத்திலும் சமதளத்திலும் சும்மா உருளும். தண்ணீரில் ஓய்வே கிடையாது. ஆகவே முழு ஆக்சிலேட்டரில் எஞ்சின் 4,500, 5,000 சுற்றில் நிலைகொள்ளும்படி இம்பெல்லரின் (பம்ப்புக்குள் சுழலும் விசிறியின்) பிட்ச்சை, அதாவது இலைகளின் சாய்வைத் தேர்ந்தெடுங்கள். வேகம் கொஞ்சம் குறையும், எஞ்சின் பிழைக்கும்.

அடுத்து உப்புத்தண்ணீர். பம்ப்பிலிருந்து ஒரு குழாய் எடுத்து நேரே எஞ்சினுக்குள் விடுவதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும் வழி. ஜிப்ஸியின் பிளாக், ஹெட் இரண்டும் அலுமினியம். ஆறு கடலில் சேரும் பொழிமுகத்து உப்பு அதை அரித்துத் தின்றுவிடும். எஞ்சினுக்குள் கூலன்ட் மட்டுமே சுற்ற வேண்டும். வெளித்தண்ணீர், கூலன்ட்டின் சூட்டை வாங்கிக்கொள்ளும் ஹீட் எக்ஸ்சேஞ்சரோடு நின்றுவிட வேண்டும். எக்ஸ்சேஞ்சருக்குக் காசு இல்லையென்றால் படகின் அடியில் குழாய் ஓட்டி அதில் கூலன்ட்டைச் சுற்றவிடலாம். தெர்மோஸ்டாட்டைக் கழற்றி வீசுவதும் தவறு. எஞ்சின் ஒழுங்கான சூட்டுக்கு வராமலே ஓடித் தேயும்.

இந்தக் கரையின் மணலையும் தனியாகச் சொல்ல வேண்டும். மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் இல்மனைட், சிர்க்கான், கார்னெட் எல்லாம் கலந்திருக்கின்றன. கார்னெட் உப்புத்தாளில் ஒட்டுகிற கனிமம். இம்பெல்லருக்கும் அதைச் சுற்றியுள்ள வளையத்துக்கும் நடுவே அரை மில்லிமீட்டருக்கும் குறைவான இடைவெளிதான் உண்டு. கரையோரத்தில் எஞ்சினை முடுக்கினால் பம்ப் மணலை உறிஞ்சும், வளையம் தேயும், தள்ளுவிசை போய்விடும். இடுப்பளவு தண்ணீருக்குத் துடுப்பால் தள்ளிக்கொண்டு போய் ஸ்டார்ட் செய்யுங்கள். குளத்தில் ஓட்டுபவர்களுக்கு ஆகாயத்தாமரை வேர் பம்ப் தண்ணீர் உறிஞ்சும் வாயை அடைக்கும். அந்த வாயின் கிரில் கம்பிகளை எட்டித் துடைக்க ஒரு வழி வைத்துக் கட்டுங்கள்.

மிச்சம் பிடிக்கவே கூடாத இடம் தீ. நம் வள்ளங்களில் எஞ்சின் பின்னால், காற்றில் தொங்குகிறது. அந்தப் பழக்கத்தில் பெட்ரோல் ஆவியைப் பற்றி யாரும் கவலைப்படுவதில்லை. ஜெட் படகில் எஞ்சின் பெட்டிக்குள் இருக்கிறது. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. அடித்தட்டில் தேங்கி நிற்கும். காரின் ஸ்டார்ட்டரும் ஆல்டர்னேட்டரும் உள்ளுக்குள் பொறி விடுபவை, ஒரே பொறி போதும். படகுக்கென்றே அடைத்துச் செய்த ஸ்டார்ட்டர், ஆல்டர்னேட்டருக்குக் காசு ஒதுக்குங்கள். உள்ளிருந்து காற்றை இழுத்து வெளியே தள்ளும் புளோயரை ஸ்டார்ட் செய்வதற்கு முன் 4, 5 நிமிடம் ஓட்டுங்கள். பிறகு மூடியைத் திறந்து மோந்து பாருங்கள். சிவக்கச் சூடேறும் கார் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டை அப்படியே ஃபைபர் பெட்டிக்குள் வைப்பதும் இதே ஆபத்துதான். அதற்குத் தண்ணீர் உறை வேண்டும். எக்ஸாஸ்ட்டுக்குள் தண்ணீர் விடும் இடம், குழாய் நீர்மட்டத்துக்கு மேலே ஏறி இறங்கிய பிறகே இருக்கட்டும். இல்லையென்றால் எஞ்சின் நின்றதும் தண்ணீர் சிலிண்டருக்குத் திரும்பி வந்துவிடும்.

சின்ன விஷயங்களும் உண்டு. வேகமாகத் திரும்பும்போது எஞ்சினின் அடியில் உள்ள சம்ப்பில் ஆயில் ஒரு பக்கம் ஒதுங்கும். உள்ளே தடுப்புத் தகடு வெல்டிங் செய்துகொள்ளுங்கள். கம்ப்யூட்டர் வைத்த எஞ்சின் என்றால் இம்மொபிலைசரையும் (சரியான சாவி இல்லாமல் ஸ்டார்ட் ஆகவிடாத பூட்டு) சாவியையும் சேர்த்து வாங்குங்கள்.

ஓட்டுவதிலும் ஒரு பெரிய தவறு நடக்கிறது. எதிரே பாறையோ வள்ளமோ வந்தால் கை தானாக ஆக்சிலேட்டரை விட்டுவிடும். ஜெட் படகைத் திருப்புவது நாசிலிலிருந்து பீய்ச்சும் தண்ணீர்தான். அது நின்றால் படகு திரும்பாமல் நேரே போய் மோதும். திருப்பிவிட்டுப் பிறகு குறைக்க வேண்டும். தேங்காய்ப்பட்டணம் பொழிமுகத்துக்குப் போவதற்கு முன், அலையில்லாத அகன்ற தண்ணீரில் ஒரு மிதவையைப் போட்டு, அதை நோக்கி ஓடித் திரும்பும் பழக்கம் கைக்கு வரும்வரை ஓட்டுங்கள். உயிர்க்கவசம் போட்டிருங்கள், ஆள் விழுந்தால் எஞ்சினை நிறுத்தும் கில் சுவிட்ச்சின் கயிறு இடுப்பில் இருக்கட்டும், கட்டி இழுக்க இன்னொரு வள்ளம் பக்கத்தில் நிற்கட்டும்.