மணி பிளான்ட் கம்பில் ஏற மாட்டேன் என்கிறதா?

எங்கள் வீட்டு மணி பிளான்ட் இரண்டு வருஷம் டிவி ஸ்டாண்டிலிருந்து தொங்கிக்கொண்டிருந்தது. இலை உள்ளங்கை அளவைத் தாண்டவே இல்லை. உரம் போடாத குறை என்று நினைத்தேன். தப்பு. பசிபிக் கடலில் தாஹிட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் மூரேயா தீவுதான் இதன் பூர்வீகம். மரத்தைப் பற்றி ஏறுகிற ஜாதி. ஏற ஏற இலை பெருக்கும், தொங்கவிட்டால் சிறுக்கும். பழைய பங்களா மரங்களில் முறம் அளவு இலையோடு ஏறி நிற்பதும் இதே கொடிதான்.

முதலில் துண்டு வெட்டுவது. இலையை மட்டும் காம்போடு கிள்ளித் தண்ணீரில் போட்டு மூன்று மாதம் காத்திருந்தேன். இலை பச்சையாகவே இருந்தது, துளிர் மட்டும் வரவில்லை. வரவும் வராது. துளிர் கிளம்புவது கணுவிலிருந்துதான். தண்டில் இலைக்காம்பு சேருமிடத்தில் பழுப்பாக ஒரு முண்டு தெரியும். அதற்கு ஓர் அங்குலம் கீழே வெட்டித் தண்ணீரில் வையுங்கள். (விதை போடலாமே என்றால், இந்தச் செடி தானாகப் பூத்ததாகக் கடைசியாகப் பதிவானது 1964இல். ஜிப்பரலின் என்ற ஹார்மோன் போதாததே காரணம் என்று 2016இல் கண்டுபிடித்தார்கள்.)

வேர் இரண்டு அங்குலம் வந்ததும் தொட்டிக்கு மாற்றலாம். செம்மண், தென்னைநார்த் தூள், மண்புழு உரம் சம அளவு. அடியில் ஓட்டை கட்டாயம். கம்பை முதலில் நிறுத்திவிட்டு அப்புறம் மண் போடுங்கள். பிறகு செருகினால் வேர் அறுந்துபோகும்.

நான் மாட்டிக்கொண்டது அடுத்த இடத்தில். கம்பு வைத்தும் கொடி அதைத் தொடாமல் விலகியே வளர்ந்தது. நர்சரியில் வாங்கிய கம்பில் பிவிசி குழாய்மேல் பேருக்கு ஒரு சுற்று நார்தான்; ஊற்றிய தண்ணீர் அத்தனையும் வழிந்து தொட்டிக்குப் போய்விட்டது. காய்ந்த கம்பை வேர் பிடிக்காது. இப்போது நானே செய்துகொள்கிறேன். பிளாஸ்டிக் வலையைக் குழாய்போல் சுருட்டி, ஒரு ராத்திரி ஊறவைத்த தேங்காய் நாரும் நார்த் தூளும் திணித்தால் ஈரம் இரண்டு மூன்று நாள் நிற்கிறது. கடைக் கம்புக்குக் காசு கொடுக்காதீர்கள்.

கொடியைக் கட்டும்போது வேர் விடும் முண்டு உள்ள பக்கம் கம்பை ஒட்டி இருக்க வேண்டும். இலைக்காம்பைக் கட்டாதீர்கள், தண்டைக் கட்டுங்கள், சணல் கயிற்றால், தளர்வாக. தண்ணீரைக் கம்பின் உச்சியிலிருந்து மெதுவாக விடுங்கள். எனக்கு ஐந்து வாரத்தில் வேர் நாருக்குள் இறங்கியது.

வெளிச்சத்துக்குக் கிழக்கு ஜன்னல் போதும். உச்சிவெயில் இலையைக் கருக்கும். இருட்டு மூலையில் மஞ்சள் வரிகள் மங்கிவிடும். விரலை மண்ணில் விட்டுப் பாருங்கள், மேல் ஓர் அங்குலம் காய்ந்த பிறகே தண்ணீர். அடி இலைகள் வரிசையாக மஞ்சளானால் பெரும்பாலும் தண்ணீர் அதிகம்தான்.

பிற்சேர்க்கை: “கம்பு நனையத்தான் செய்கிறது, ஆனால் மண் சொதசொதவென்றாகிறதே” என்று இருவர் எழுதினார்கள். அப்படியானால் கம்புக்கு ஸ்பிரேயர், மண்ணுக்குத் தனியே தண்ணீர். பூனை இதைக் கடித்தால் என்ன ஆகும் என்று தோழி ஒருத்தி கேட்டாள்: இலையில் கால்சியம் ஆக்சலேட் ஊசிகள் உண்டு, கடித்தால் வாய் எரியும், எச்சில் ஒழுகும். குழந்தைக்கும் அப்படித்தான், எட்டாத உயரத்தில் வையுங்கள். பாட்டிலில் வளர்ப்பவர்கள் தண்ணீரை வாரம் ஒருமுறை முழுக்கக் கொட்டி மாற்றுங்கள், உள்சுவரையும் தேய்த்துக் கழுவி. டெங்கு கொசு முட்டை ஒட்டுவது அங்கேதான்.