பழைய டீசல் பிக்கப்பில் மைலேஜ் விழுந்தால் எங்கிருந்து ஆரம்பிப்பது

பழைய பொலிரோ பிக்கப், டாடா 207 மாதிரி வண்டிகளில் மைலேஜ் விழுந்ததும் பலரும் நேராக, எஞ்சினுக்கு டீசல் செலுத்தும் பம்ப், நாசில் வேலைக்குத்தான் போகிறார்கள். பெரிய செலவு அது. கோளாறு பல சமயம் அங்கே இருப்பதே இல்லை.

முதலில் கணக்கு சரியாகத் தெரிய வேண்டும். டேங்க் ஃபுல் செய்து மீட்டரைக் குறித்துக்கொண்டு, வழக்கமான லோடோடு 300 கிலோமீட்டராவது ஓட்டிவிட்டு அதே பங்க்கில் மறுபடி ஃபுல் செய்யுங்கள். ஓடிய தூரத்தை இரண்டாவது தடவை ஊற்றிய லிட்டரால் வகுத்தால் மைலேஜ் வந்துவிடும். 500 ரூபாய்க்கு ஊற்றி முள்ளைப் பார்த்துச் சொல்லும் கணக்கை நம்பவே நம்பாதீர்கள்.

அடுத்து, வண்டி தடையில்லாமல் உருள்கிறதா என்று பாருங்கள். காற்றைக் காலையில் டயர் சூடேறும் முன் பிடியுங்கள், முன்னுக்கும் பின்னுக்கும் அளவு வேறு. பழைய வண்டியில் ஹேண்ட்பிரேக் கேபிள் துருப்பிடித்து, லிவரை இறக்கினாலும் பின் பிரேக் லேசாகப் பிடித்தபடியே இருக்கும். ஓட்டுபவருக்கு அது தெரியாது, எஞ்சின் மட்டும் இழுத்துக்கொண்டே இருக்கும். பிரேக்கை அதிகம் தொடாமல் கொஞ்ச தூரம் ஓட்டி நிறுத்திவிட்டு, நான்கு சக்கரத்தின் டிரம், டிஸ்க் பக்கத்திலும் தொடாமல் கையைக் காட்டிப் பாருங்கள். ஒன்று மட்டும் தனியாகக் கொதித்தால் பிரேக்கோ பேரிங்கோதான். முன் டயர் ஒரு ஓரமாகத் தேய்ந்திருந்தால் அலைன்மென்ட் பாருங்கள்.

நம் ஊர் வண்டிகளில் இன்னொரு விஷயம் உண்டு. எப்போதோ எஞ்சின் ஹீட் ஆனபோது, எஞ்சின் சூட்டை அளவாக வைக்கும் தெர்மோஸ்டாட் வால்வையே கழற்றிப் போட்டிருப்பார்கள். அது இல்லாவிட்டால் எஞ்சின் தேவையான சூட்டுக்கு வர நேரமாகும், அதுவரை டீசல் சரியாக எரியாது, உள் தேய்மானமும் கூடும். ரொம்ப நேரம் ஓடியும் டெம்பரேச்சர் முள் கீழேயே கிடந்தால் இதைக் கேளுங்கள். வால்வு விலை ரொம்பக் குறைவு, தயவுசெய்து மாட்டிவிடுங்கள்.

கரும்புகை தள்ளினால் ஏர் ஃபில்டரைப் பாருங்கள். டர்போ (எஞ்சினுக்குக் காற்றை அழுத்தி அனுப்பும் கருவி) உள்ள வண்டியாக இருந்தால், அதன் காற்று ஹோஸில் வெடிப்போ கிளிப் தளர்வோ இருக்கிறதா என்றும் தடவிப் பாருங்கள். டீசல் ஃபில்டரில் தேங்கும் தண்ணீரை அவ்வப்போது இறக்கிவிடுங்கள்.

ஓட்டுவதில் பெரிய மிச்சம் வேகத்தில்தான். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் இருமடிப்படி ஏறும், அதனால் 80-ல் போகும் வண்டிக்கு 60-ல் இருப்பதைவிட முக்கால் பங்குக்கு மேல் கூடுதல் எதிர்ப்பு; உயரமாகக் கட்டிய லோடும் படபடக்கும் தார்ப்பாயும் அதை இன்னும் கூட்டும். ஒட்டன்சத்திரம் மாதிரி மார்க்கெட்டில் வரிசையில் நிற்கும்போது எஞ்சினை அணைத்துவிடுங்கள். மலை இறக்கத்தில் நியூட்ரலில் விடும் பழக்கம் மட்டும் வேண்டவே வேண்டாம். கியரில் இருந்து ஆக்சிலரேட்டரை விட்டால் பம்ப் டீசலைக் கிட்டத்தட்ட நிறுத்திவிடும், சக்கரமே எஞ்சினைச் சுற்றும். நியூட்ரலில் ஐடிலிங்குக்கு டீசல் போகும், எஞ்சின் பிடிப்பும் இருக்காது, லோடு வண்டியில் பிரேக் சூடாகி நிற்காமல் போனால் உயிருக்கே ஆபத்து.

இத்தனைக்கும் பிறகு புகையும் இழுவைக் குறைவும் இருந்தால் நாசிலை டெஸ்ட் செய்யக் கொடுங்கள். பம்பின் சீலை உடைத்து டீசலைக் குறைத்து வைத்துத் தரச் சொல்லாதீர்கள். இழுவை போய், மேட்டில் கீழ் கியரில் முழுசாக அழுத்தி ஏற்றுவதிலேயே அந்த மிச்சம் கரைந்துவிடும்.