அகச்சிவப்பு சிக்னல் தூரம் போக பூதக்கண்ணாடி போதும்

அகச்சிவப்பு சிக்னலை இன்னும் தூரம் அனுப்ப, அதை உமிழும் எல்இடிகளை அடுக்க வேண்டாம். ரிசீவர் முன்னால் சாதாரண பூதக்கண்ணாடி ஒன்றை, அதன் குவியத் தூரத்தில் (தொலைவிலிருந்து வரும் ஒளி லென்ஸைக் கடந்து ஒரு புள்ளியில் குவியும் தூரம்) பொருத்துங்கள்.

ரிசீவரின் 5 மி.மீ. முகப்புக்குப் பதில் 50 மி.மீ. விட்ட லென்ஸ் ஒளியைச் சேகரித்தால், பரப்பு 100 மடங்கு. தூரம் இரட்டித்தால் ஒளி கால் பங்காகிவிடும் என்பதால், இந்த 100 மடங்கு தூரக் கணக்கில் சுமார் 10 மடங்குதான். லென்ஸ் இழப்பில் இன்னும் கொஞ்சம் குறையும். அதே பலனை எல்இடியால் பெற 100 மடங்கு மின்சக்தி கொட்ட வேண்டும்! குவியத் தூரம் தெரியாவிட்டால், தொலைவிலுள்ள ஜன்னலின் பிம்பம் காகிதத்தில் தெளிவாக விழும் இடத்தை அளந்துகொள்ளுங்கள். அகச்சிவப்புக்கு அது ஒரு துளி அதிகம், அதனால் முன்பின் நகர்த்திப் பார்த்து சிக்னல் வலுக்கும் இடத்தில் ஒட்டுங்கள்.

ஆனால் லென்ஸ் வைத்தால் பார்வைக் கோணம் மிகவும் குறுகிவிடும். இரு முனைகளும் அசையாமல் நேருக்கு நேர் இருந்தால்தான் சரி. நகரும் கருவிக்கோ டிவி ரிமோட்டுக்கோ இது உதவாது. அடர்ந்த மூடுபனியிலும் பலன் இருக்காது. அப்புறம், வெயில் நேராக லென்ஸில் விழும் திசை வேண்டவே வேண்டாம், ரிசீவர் பொசுங்கிவிடும்.