ரா பாயிண்டர் வாங்கும் ஃபங்ஷனுக்கு 'சேஃப்டி' பகுதி எழுதுவது எப்படி?

ரஸ்ட் நிரல்மொழியில் நான் எழுதிய முதல் அன்சேஃப் ஃபங்ஷனின் (நினைவகப் பாதுகாப்பை கம்பைலரால் முழுதாகச் சோதிக்க முடியாத, கூப்பிடுகிறவரே பொறுப்பேற்க வேண்டிய ஃபங்ஷன்) தலையில் 'பாயிண்டர் சரியாக இருக்க வேண்டும்' என்று ஒரே ஒரு வரி கமெண்ட் போட்டிருந்தேன். சில மாதம் கழித்து அதையே கூப்பிட வேண்டி வந்தபோது, 'சரியாக' என்று எதைச் சொன்னேன் என்பது எனக்கே விளங்கவில்லை. கூப்பிடுகிறவர் காக்க வேண்டிய நிபந்தனைகளைச் சொல்வதுதான் ஆவணத்தின் 'சேஃப்டி' பகுதி. அவர் தன் கோடைப் பார்த்து 'ஆம், இல்லை' என்று சொல்ல முடிகிற மாதிரி இருந்தால்தான் அது நிபந்தனை.

ஒரு சின்ன ஃபங்ஷனை எடுத்துக்கொள்வோம். 32 பிட் முழு எண்கள் வரிசையாக உள்ள இடத்துக்கு ஒரு ரா பாயிண்டர் (சரியானதா என்று கம்பைலர் சோதிக்காத வெறும் நினைவக முகவரி), எத்தனை எண்கள் என்ற எண்ணிக்கை, இரண்டையும் வாங்கிக் கூட்டுத்தொகையைத் தருகிறது. உள்ளே 'ஃப்ரம் ரா பார்ட்ஸ்' (from_raw_parts) என்ற அன்சேஃப் ஃபங்ஷன் மூலம் பாயிண்டரை ஸ்லைஸாக்கி (வரிசையாக உள்ள மதிப்புகளைச் சுட்டும் ரெஃபரன்ஸ்) கூட்டுகிறோம், அவ்வளவுதான்.

படி 1: உள்ளே கூப்பிடும் அன்சேஃப் வேலைகளைக் குறித்துக்கொள்ளுங்கள். இங்கே ஒன்றே ஒன்று. அதன் ஆவணத்தில் உள்ள சேஃப்டி பகுதியைத் திறந்து வையுங்கள். அங்கே கேட்கப்படுவதில் நம் ஃபங்ஷனே சோதித்துக்கொள்ளாத எல்லாம் நம்மைக் கூப்பிடுகிறவர் தலையில்தான் விழும்.

படி 2: ஃபங்ஷனுக்கு மேலே மூன்று சாய்கோடு போட்ட ஆவணக் கமெண்டில் 'சேஃப்டி' என்று தலைப்பிட்டு, ஒரு வரிக்கு ஒரு நிபந்தனையாக எழுதுங்கள்:

- பாயிண்டர் நல் (null, எதையும் சுட்டாத வெற்று முகவரி) ஆக இருக்கக் கூடாது. எண்ணிக்கை 0 என்றாலும்.
- அது அந்த வகைக்கு உரிய அலைன்மென்டில் (முகவரி குறிப்பிட்ட எண்ணின் மடங்காக அமைவது) இருக்க வேண்டும்.
- எண்ணிக்கை × 4 பைட்டும் படிக்கத் தகுந்ததாக, ஒரே அலொகேஷனுக்குள் (ஒரே தடவையில் ஒதுக்கிய நினைவகத் துண்டு) இருக்க வேண்டும். மொத்த அளவு ஐசைஸ் (isize) என்ற முழு எண் வகையின் உச்ச மதிப்பைத் தாண்டக் கூடாது.
- எல்லா எண்களுக்கும் மதிப்பு போட்டிருக்க வேண்டும்.
- ஃபங்ஷன் முடியும்வரை வேறு யாரும் அந்த இடத்தில் எழுதக் கூடாது.

முதல் வரியில்தான் பலரும் வழுக்குவார்கள். சி மொழியில் எழுதிய லைப்ரரிகள் காலி வரிசைக்கு நல் பாயிண்டரும் 0 எண்ணிக்கையும் தருவது சகஜம். ஒன்றையும் படிக்கப் போவதில்லையே, என்ன ஆகிவிடும் என்று தோன்றும். ஆனால் ரஸ்டில் ரெஃபரன்ஸ் எப்போதும் நல் ஆகாது. அதை நம்பித்தான், மதிப்பு இருக்கலாம் இல்லாமலும் போகலாம் என்பதைக் காட்டும் ஆப்ஷன் வகையின் 'நன்' (None, மதிப்பு இல்லை) நிலைக்கு கம்பைலர் அந்த நல் மதிப்பை எடுத்துக்கொள்கிறது. நல்லை ஸ்லைஸாக்கினால் அந்த நம்பிக்கை உடைகிறது. இந்த நிபந்தனை தொல்லையாக இருந்தால், உள்ளேயே 'எண்ணிக்கை 0 என்றால் 0 தந்து திரும்பு' என்று ஒரு வரி சேர்த்துவிட்டு, ஆவணத்தில் அதற்கேற்பத் தளர்த்திவிடலாம். எனக்கு இதுதான் பிடிக்கும். கோடில் தீர்க்க முடிவதை அடுத்தவர் கவனத்துக்கு விடுவானேன்?

படி 3: நினைவகத்தோடு சம்பந்தமில்லாததை இங்கே கலக்காதீர்கள். கூட்டுத்தொகை அந்த எண் வகையில் அடங்காமல் வழிந்தால் டீபக் பில்டில் பேனிக் ஆகும் (பிழை சொல்லி நிரல் நின்றுவிடும்). அதற்கு 'பேனிக்ஸ்' என்று தனித் தலைப்பு.

படி 4: கூப்பிடும் இடத்தில் பதில் எழுதுங்கள். அன்சேஃப் பிளாக்குக்கு மேலே சாதாரணக் கமெண்டில் 'சேஃப்டி:' என்று தொடங்கி, ஒவ்வொரு நிபந்தனையும் ஏன் நிறைவேறுகிறது என்று சொல்ல வேண்டும். 'இது பாதுகாப்பானது' என்பது பதில் ஆகாது. 'பாயிண்டரும் எண்ணிக்கையும் மேல் வரியில் உள்ள வெக்டரிலிருந்து வந்தவை. ஃபங்ஷன் முடியும்வரை வெக்டரை யாரும் மாற்றவில்லை' என்றால் பதில்.

படி 5: ரஸ்ட் கோடைச் சோதித்து எச்சரிக்கும் கிளிப்பி என்ற கருவியை ஓட்டுங்கள். பொதுவெளிக்குத் திறந்த அன்சேஃப் ஃபங்ஷனில் சேஃப்டி பகுதி இல்லையென்றால் அது தானாகவே எச்சரிக்கும். பிளாக் மேலே கமெண்ட் இல்லாததையும் பிடிக்கும். ஆனால் அந்த லின்ட்டை (சோதனை விதியை) நீங்கள்தான் இயக்கிவிட வேண்டும். அப்புறம், ரஸ்ட் மொழியின் 2024 எடிஷனில் அன்சேஃப் ஃபங்ஷனுக்கு உள்ளேயும் தனி அன்சேஃப் பிளாக் போடாவிட்டால் எச்சரிக்கை வரும். அதற்கும் படி 4 பொருந்தும்.

கிளிப்பி கமெண்ட் இருக்கிறதா என்றுதான் பார்க்கும், அதில் இருப்பது உண்மையா என்று பார்க்காது. அதற்கு, கோடை ஓட்டிப் பார்த்து அன்சேஃப் தவறுகளைப் பிடிக்கும் மிரி என்ற கருவியில் டெஸ்ட்களை ஓட்டுங்கள். மிரியும் டெஸ்ட் தொட்ட பாதையை மட்டுமே பார்க்கும் என்பதால், எண்ணிக்கை 0 ஆக ஒரு டெஸ்ட்டை முதலிலேயே எழுதிவிடுங்கள்.