இசங்களை ஒட்டும்போது நேரும் தவறுகள்

நாகர்கோவிலில் ஏதாவது ஓர் இலக்கியக் கூட்டத்தில் அரைமணி நேரம் உட்கார்ந்தால் ரியலிசம், சர்ரியலிசம் என்று நாலைந்து இசங்களாவது, அதாவது கலைப் பாணிகளின் பெயர்களாவது, காதில் விழும். விழட்டும், அந்தப் பெயர்களால் பயன் உண்டு. படைப்பைப் பார்ப்பதற்கு முன்பே பெயரை ஒட்டிவிட்டு, பிறகு அந்தப் பெயரையே விமர்சனமாக நீட்டி முழக்குவதுதான் தொல்லை.

கதையில் யட்சியோ பேயோ வந்தால் அது மாய யதார்த்தவாதம் என்று சொல்லிவிடுவது நம் குமரி மாவட்டத்துக்கே உரிய தவறு. அப்படிப்பட்ட கதைகளுக்கு இங்கே பஞ்சமில்லை அல்லவா? அந்தப் பெயரை 1925-இல் பிரான்ஸ் ரோ என்ற ஜெர்மானிய விமர்சகர் ஓவியத்துக்குத்தான் வைத்தார். அன்றாடப் பொருள்களை மிகத் துல்லியமாக வரைந்து, அந்தத் துல்லியத்தாலேயே அவற்றை விநோதமாகத் தோன்றச் செய்த படங்களைப் பற்றியே அவர் பேசினார். பின்னர் அது லத்தீன் அமெரிக்க நாவலுக்குப் போய்ச் சேர்ந்தது. 1967-இல் வெளிவந்த, கொலம்பிய எழுத்தாளர் மார்க்கேஸின் ‘தனிமையின் நூறு ஆண்டுகள்’ நாவலில் போர்வை மடித்துக்கொண்டிருக்கும் பெண் அப்படியே வானத்துக்கு எழுந்து போய்விடுகிறாள். துணி மடிப்பதைச் சொன்ன அதே சாதாரணக் குரலில் அதுவும் சொல்லப்படுகிறது. உத்தி அந்தக் குரலில்தான் இருக்கிறது.

இதோடு வில்லுப்பாட்டை வைத்துப் பாருங்கள். அம்மன் கோயில் கொடை விழாவில், நம் ஊர்த் தெய்வமான இசக்கியின் கதை ஓடுகிறது. வீசுகோல் நாணில் விழ, வில்லில் கட்டிய மணிகள் குலுங்க, குடமும் உடுக்கையும் சேர்ந்து வேகம் ஏறுகிறது. கொலை நடக்கும் கட்டம் நெருங்கும்போது சாமியாடிக்கு அருள் வந்துவிடும். பந்தலில் குலவை எழும். அங்கே உட்கார்ந்திருப்பவர்களுக்கு இசக்கி என்பவள் கதை சொல்லும் உத்தி அல்ல, எதிரே வந்து நிற்பவள். வழிபாட்டுக்கு நாவல் உத்தியின் பெயரைச் சூட்டுவது இரண்டுக்குமே நியாயமில்லை. பத்திரப் பதிவும் கந்துவட்டியும் வரும் ஒரு நாவலில், அவற்றைச் சொல்லும் அதே குரலில் இசக்கியும் வந்து போனால், அப்போது அந்தப் பெயரைப் பற்றிப் பேசலாம்.

வட்டார இலக்கியத்தை ஓர் இயக்கமாகக் கருதுவது அடுத்த தவறு. ஹெப்சிபா ஜேசுதாசனின் ‘புத்தம் வீடு’ (1964) பனையேறும் மக்களின் உலகம். நாஞ்சில் நாடனின் ‘தலைகீழ் விகிதங்கள்’ (1977) நாஞ்சில் நாட்டு வேளாளர் குடும்பங்களுக்குள் நுழைகிறது. தோப்பில் முஹம்மது மீரானின் ‘ஒரு கடலோர கிராமத்தின் கதை’ (1988) காட்டுவது கடற்கரை முஸ்லிம் ஊர். மூன்றிலும் பேச்சு வழக்குகூட ஒன்றல்ல. கனவையும் ஆழ்மனதையும் கலையாக்கிய சர்ரியலிஸ்டுகளுக்கு 1924-இல் ஓர் அறிக்கை வந்ததுபோல இவர்களுக்கு எந்த அறிக்கையும் இல்லை. ஒரே மாவட்டத்துக்காரர்கள் என்பது பஸ் வழித்தடத்துக்கு உதவும், பாணியைச் சொல்ல உதவாது.

உயிரோட்டமாக வரைந்திருந்தால் யதார்த்தவாதம் என்று முடித்துவிடுவதும் உண்டு. நம் பகுதி திருவிதாங்கூரில் இருந்த காலத்தவர் ராஜா ரவிவர்மா. அவருடைய அச்சகத்தில் அச்சான லட்சுமியும் சரஸ்வதியும் நம் வீட்டுப் பூஜையறை வரை வந்தார்கள். எண்ணெய் வண்ணம், ஒளிநிழல், சேலை மடிப்பு எல்லாம் கண்ணெதிரே நிற்பதுபோல் இருக்கும். ஆனால் அது ஐரோப்பியக் கலைக்கழக மரபின் கைத்திறன். பிரான்சில் ஓவியர் கூர்பே யதார்த்தவாதம் என்று கொடி பிடித்தது வேறு காரியம். புராண நாயகர்களுக்கு ஒதுக்கிய பெரிய திரைச்சீலையில் அவர் கல்லுடைக்கும் கூலிகளை வரைந்தார். எதை வரைவது என்பதே அங்கே சண்டை.

பழைய பாணியில் இருப்பதெல்லாம் பழையது என்று நினைப்பவர்களுக்குக் குமரிமுனையே பதில். கணபதி ஸ்தபதி சிற்ப மரபுப்படி எழுப்பிய 133 அடி வள்ளுவர் சிலை திறக்கப்பட்டது 2000-இல்.

இசைக்கு இந்தப் பெயர்களைக் கொண்டுபோகும்போது இன்னும் கவனம் வேண்டும். இம்ப்ரெஷனிசம் என்பது 1874-ஆம் ஆண்டு பாரீஸ் ஓவியக் கண்காட்சியை ஒட்டிக் கேலியாகக் கிளம்பிய பெயர். பிறர் அதைத் தன் இசைக்கு ஒட்டியபோது பிரெஞ்சு இசையமைப்பாளர் டெபுஸி எரிச்சல்பட்டார். தியாகராஜர் ஜெர்மானிய இசையமைப்பாளர் பீத்தோவனின் சமகாலத்தவர்தான், அதற்காக அவரை ஐரோப்பாவின் ரொமாண்டிக் இசைப் பட்டியலில் சேர்க்க முடியாது.

சினிமாவில், கடற்கரையில் படமெடுத்து மீனவர்களையே நடிக்க வைத்தால் இத்தாலியில் எழுந்த நியோரியலிசம் என்று எழுதிவிடுகிறார்கள். ‘பைசைக்கிள் தீவ்ஸ்’ (1948) படத்தில் நாயகனாக நடித்தவர் நிஜத்தில் ஆலைத் தொழிலாளி என்பது உண்மைதான். ஆனால் அந்தக் கால இத்தாலியப் படங்களில் வசனம் பெரும்பாலும் பிறகு சேர்க்கப்பட்டது, பின்னணி இசையும் தாராளமாக இருந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய வேலையின்மையைக் கதையின் நடுவில் வைத்ததுதான் அந்த இயக்கத்தின் சாரம். மீனவரை நடிக்க வைத்து, மீனுக்கு என்ன விலை கிடைத்தது என்றே கேட்காத படத்துக்கு அந்தப் பெயர் பொருந்தாது.

கடைசியாக, எழுத்தாளருக்கு ஆயுள் முழுக்க ஒரே முத்திரை குத்துவது. சுந்தர ராமசாமியின் ‘ஒரு புளியமரத்தின் கதை’யில் (1966) சந்தடியான ஓர் ஊரும் அதன் வம்பும் அரசியலும் யதார்த்தமாக விரிகின்றன. ‘ஜே.ஜே: சில குறிப்புகள்’ (1981) நாவலோ கற்பனையான ஒரு மலையாள எழுத்தாளனின் நாட்குறிப்புகளையும் அவனைப் பற்றிய நினைவுகளையும் அடுக்கிச் செல்லும் நவீனத்துவப் படைப்பு. புளியமரத்தின் ருசியோடு ஜே.ஜே.யைத் திறப்பவர்கள் கதை எங்கே என்று பக்கம் புரட்டிக்கொண்டிருப்பார்கள்.