இரண்டு ஆஃப்-ரோடு வண்டிகளின் ஆக்ஸில் வலுவை ஒப்பிடுவது எப்படி?

ஆஃப்-ரோடு வண்டிக்காரர்கள் நாலு பேர் கூடினால் பேச்சு கடைசியில் "என்னுடையது டேனா 44, உன்னுடையது வெறும் டேனா 30" என்பதில்தான் வந்து நிற்கும். டேனா என்பது ஆக்ஸில் தயாரிக்கும் நிறுவனம், எண் அந்த ஆக்ஸிலின் மாடல். இந்தப் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு தீர்ப்பு சொல்லாதீர்கள். ஜீப் ராங்ளரின் ஜேகே தலைமுறையில், கரடுமுரடான பாதைக்கென்று வந்த ரூபிகான் மாடலின் பின் ஆக்ஸிலும் டேனா 44தான், அதற்கு முந்தைய டிஜே தலைமுறையில் வந்ததும் டேனா 44தான். ஆனால் முதலாவதன் ஷாஃப்ட்டில் (சக்கரத்தைச் சுழற்றும் தண்டு) 32 ஸ்ப்ளைன் (தண்டின் முனையில் நீளவாக்கில் வெட்டிய பற்கள்), இரண்டாவதில் 30. அதே ஜேகே-யின் முன்பக்கத்தைப் பாருங்கள்: சாதாரண மாடலில் டேனா 30, ரூபிகானில் டேனா 44. உள்ளே கிரவுனும் (டிஃபரென்ஷியலில் உள்ள பெரிய பற்சக்கரம்) ஷாஃப்ட்டும் பெரிதாகின்றன, வெளியே ஹவுசிங் குழாயும் அதன் முனைகளும் ஏறக்குறைய அதே அளவுதான். ரூபிகான் என்று நம்பிப் பெரிய டயர் போட்டுக் குதிக்க விட்டவர்களுக்குக் கிரவுன் நன்றாகவே இருந்தது, குழாய்தான் வளைந்தது.

ஆகவே ஆக்ஸிலை ஒரே பொருளாக நினைக்காமல் பினியன் (கிரவுனைச் சுழற்றும் சிறிய பற்சக்கரம்), கிரவுன், ஷாஃப்ட், ஜாயின்ட், ஹப், ஹவுசிங் என்று பிரித்து ஒவ்வொன்றாகப் பாருங்கள். எது முதலில் போகுமோ அதுதான் அந்த ஆக்ஸிலின் வலு.

முதலில் ஷாஃப்ட், ஏனென்றால் இங்கேதான் கணக்கு தெளிவாக இருக்கிறது. முறுக்கத்தைத் தாங்கும் திறன் விட்டத்தின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறும். டேனா 35 ஷாஃப்ட் 1.18 அங்குலம், பழைய டேனா 44-ல் 1.31 அங்குலம். கையில் பிடித்துப் பார்த்தால் வித்தியாசமே தெரியாது, ஆனால் 1.31-ஐ 1.18-ஆல் வகுத்து மும்மடி எடுத்தால் 1.37 வருகிறது, அதாவது ஒரே உலோகமாக இருந்தால் 37 சதவீதம் கூடுதல் வலு. 35 ஸ்ப்ளைன் உள்ள டேனா 60-இன் ஒன்றரை அங்குல ஷாஃப்ட்டை அந்த 44-ஓடு வைத்துப் பார்த்தால் இன்னும் 50 சதவீதம் கூடுகிறது. வெர்னியரை வைத்து அளக்கும்போது ஷாஃப்ட்டின் தடித்த நடுப்பகுதியை அளந்துவிட்டு மகிழ்ந்து போகாதீர்கள், எங்கே மிகவும் ஒல்லியாக இருக்கிறதோ அதுதான் கணக்கு. பல ஷாஃப்ட்டுகள் ஸ்ப்ளைனுக்குப் பக்கத்தில் கழுத்துபோல் சிறுத்திருக்கும், ஸ்ப்ளைன் உள்ள இடத்தில் பல்லின் அடிவிட்டத்தைத்தான் எடுக்க வேண்டும்.

ஸ்ப்ளைன் எண்ணிக்கையிலும் ஏமாற வாய்ப்பு உண்டு. ஜெனரல் மோட்டார்ஸின் (ஜிஎம்) 14 போல்ட் ஆக்ஸிலிலும் 30 ஸ்ப்ளைன்தான், ஆனால் பல் பெரிது, ஷாஃப்ட்டும் சுமார் ஒன்றரை அங்குலம். இரண்டும் 30 என்பதற்காக டேனா 44-ம் அதுவும் ஒன்று என்று சொன்னால் சிரிப்பார்கள். விட்டத்தையும் சேர்த்துச் சொல்லாத ஸ்ப்ளைன் எண்ணை நான் கண்டுகொள்வதே இல்லை.

அப்புறம் கிரவுன். விட்டம் பெரிதானால் பல்லும் பெரிது, சுமை பரவும் இடமும் அதிகம். மனதில் வைத்துக்கொள்ளச் சில எண்கள்: டேனா 30 சுமார் 7.2 அங்குலம், டேனா 35 சுமார் 7.6, பழைய டேனா 44 எட்டரை, டேனா 60-ல் 9.75, ஜிஎம் 14 போல்ட்டில் பத்தரை. ஃபோர்ட் 9 அங்குலம் பெயரிலேயே அளவைச் சொல்லிவிடுகிறது, தவிர அதன் பினியன் முனையில் கூடுதலாக ஒரு பேரிங் தாங்கி நிற்பதால் சுமை ஏறும்போது பினியன் கிரவுனை விட்டு விலக முயல்வது குறைகிறது. விட்டத்தோடு ரேஷியோவையும் (கிரவுன் ஒரு சுற்று சுற்ற பினியன் எத்தனை சுற்று சுற்ற வேண்டும் என்பது) கேளுங்கள். ஒரே கிரவுன் அளவில் 3.73-லிருந்து 5.13-க்குப் போனால் பினியனில் பற்கள் குறைந்து அதுவே சிறுத்துவிடும், பெரிய டயருக்காக ரேஷியோ மாற்றும்போது இதை யாரும் சொல்ல மாட்டார்கள். முன் ஆக்ஸில் என்றால் பினியன் மேலே இருக்கிறதா கீழே இருக்கிறதா என்றும் பாருங்கள். மேலே உள்ள வகை முன்பக்கத்தில் பல்லின் வலுவான பக்கத்தில் தள்ளும், கீழே உள்ளது வலு குறைந்த பக்கத்தில் தள்ளும். பின்பக்கத்தில் இது அப்படியே தலைகீழ்.

ஜாயின்ட்டை மறந்துவிடுவார்கள். முன் ஆக்ஸிலில் ஷாஃப்ட் உடைவதற்கு முன்பே, சக்கரம் திரும்பும்போதும் முறுக்கத்தைக் கடத்தும் மூட்டான யூ ஜாயின்ட்டோ சிவி ஜாயின்ட்டோதான் உடையும், அதுவும் ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்து வைத்துக்கொண்டு ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போது. கோணம் கூடக்கூட இரண்டு வகையுமே பலவீனமாகும். முன்பக்கம் தனித்தனி சஸ்பென்ஷன் உள்ள வண்டியை உயரமாக்கினால், நேராகப் போகும்போதே சிவி ஜாயின்ட் கோணத்தில்தான் ஓடும். அப்படிப்பட்ட வண்டியை முழு ஆக்ஸில் வண்டியோடு ஒப்பிடும்போது கிரவுன் அளவைப் பேசிப் பெரிய பயன் இல்லை, ஜாயின்ட் அளவையும் கோணத்தையும் பேசுங்கள்.

ஹப் விஷயம் சுருக்கமானது. செமி ஃப்ளோட்டிங்கில் ஷாஃப்ட் முறுக்கத்தையும் தாங்கும், வண்டி எடையையும் சுமக்கும். ஃபுல் ஃப்ளோட்டிங்கில் எடை ஹவுசிங் முனையில் உள்ள பேரிங்குகளுக்குப் போய்விடும், ஷாஃப்ட்டுக்கு முறுக்கம் மட்டும்தான். ஷாஃப்ட் உடைந்தாலும் சக்கரம் கழன்று போகாது. கவரில் உள்ள போல்ட்டுகளை எண்ணி வலுவை முடிவு செய்யும் பழக்கம் வேண்டாம்: டேனா 35, 44, 60 மூன்றுக்கும் பத்துப் பத்துதான்.

இனி முக்கியமான பகுதி, பலரும் விட்டுவிடும் பகுதி. ஷாஃப்ட் எவ்வளவு தாங்கும் என்பது பாதிதான், அந்த வண்டி அதனிடம் எவ்வளவு கேட்கிறது என்பது மீதி. இதை இரண்டு வழியில் போட்டுப் பார்க்கலாம். எஞ்சின் பக்கமிருந்து: 300 நியூட்டன் மீட்டர் டார்க், முதல் கியர் 4, லோ ரேஞ்ச் 2.7, டிஃபரென்ஷியல் 4.1 என்றால் பெருக்கினால் சுமார் 13,300 வரும். பயந்துவிடாதீர்கள், இவ்வளவும் ஷாஃப்ட்டுக்குப் போகாது, அதற்கு முன்னாலேயே டயர் வழுக்கிவிடும். எனவே டயர் பக்கமிருந்து: 2,000 கிலோ வண்டி, செங்குத்தான ஏற்றத்தில் 65 சதவீத எடை பின்னால் சாய்கிறது, அதாவது 1,300 கிலோ. பாறையில் பிடிமானம் 0.8 என்று வைத்துக்கொள்வோம். 31 அங்குல டயரின் ஆரம் 0.39 மீட்டர். 1,300 × 9.81 × 0.8 × 0.39, கிட்டத்தட்ட 4,000 நியூட்டன் மீட்டர். லாக்கர் (இரண்டு பக்க ஷாஃப்ட்டையும் ஒன்றாகப் பூட்டும் சாதனம்) போட்டு, ஒரு சக்கரம் அந்தரத்தில் தொங்கினால், இந்த 4,000-மும் ஒரே ஷாஃப்ட்டின் தலையில். 1.31 அங்குல ஷாஃப்ட்டில் இது சுமார் 550 மெகாபாஸ்கல் அழுத்தம், 1.18-ல் சுமார் 750. இரண்டு கணக்கிலும் எது சிறியதோ அதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

இதே கணக்கை சுஸுகி ஜிம்னிக்குப் போடுங்கள். எடை ஏறக்குறைய 1,100 கிலோ, 195/80 ஆர்15 டயரின் ஆரம் 0.345 மீட்டர். வருவது சுமார் 1,900 நியூட்டன் மீட்டர், பாதிக்கும் குறைவு. அந்த வண்டியில் 26 மில்லிமீட்டர் ஷாஃப்ட் இருந்தாலே, கனமான வண்டியின் 33 மில்லிமீட்டர் ஷாஃப்ட் படும் அழுத்தத்தைத்தான் படும். "சின்ன ஆக்ஸில், உடைஞ்சிடும்" என்பவர்களிடம் இந்தக் காகிதத்தை நீட்டலாம். ஆனால் அதே ஜிம்னியில் கனமான பம்பர், வின்ச், கூரைக் கேரியர், பெரிய டயர் எல்லாம் ஏற்றினால் கணக்கை மறுபடி முதலிலிருந்து போட வேண்டும். டயரை 31-லிருந்து 35-க்கு மாற்றினாலே ஷாஃப்ட்டுக்கு 13 சதவீதம் கூடுதல் வேலை.

இந்தக் கணக்கில் அடங்காத ஒன்று அதிர்ச்சிச் சுமை. காற்றில் வேகமாகச் சுற்றிக்கொண்டிருக்கும் சக்கரம் திடீரென்று பாறையைப் பிடிக்கும் அந்த நொடியில், மேலே வந்த எண்ணைத் தாண்டிப் போகும். மெதுவாக ஏறுபவரின் டேனா 35 பல வருடம் ஓடுவதும், குதித்துக் குதித்து ஏறுபவர் டேனா 44-ஐ உடைப்பதும் இதனால்தான். இரண்டு பேரின் அனுபவத்தை ஒப்பிடும்போது இதைக் கட்டாயம் கேளுங்கள்.

பயன்படுத்திய ஆக்ஸிலை வாங்கப் போகிறீர்களா? ஷாஃப்ட்டை உருவி வெளிச்சத்தில் பிடித்து ஸ்ப்ளைன் கோடுகளின் மேல் ஒரு நேரான ஸ்கேலை வையுங்கள். கோடு திருகாணிபோல் லேசாகச் சாய்ந்திருந்தால் அந்த ஷாஃப்ட் ஏற்கெனவே முறுக்கி நிரந்தரமாகத் திரும்பிவிட்டது, எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம். யூ ஜாயின்ட்டின் கப் உட்காரும் துளை வட்டமாக இல்லாமல் நீண்டிருக்கிறதா, ஹவுசிங் முனையில் வெல்டிங் விரிசல் இருக்கிறதா, கிரவுன் பற்களில் ஒரு ஓரம் மட்டும் பளபளக்கிறதா என்றும் பாருங்கள்.

குரோமோலி (குரோமியமும் மாலிப்டினமும் கலந்த வலுவான எஃகு) ஷாஃப்ட் மாற்றுவதானால் முன் ஆக்ஸிலில் ஜாயின்ட்டையும் சேர்த்து யோசியுங்கள், இல்லாவிட்டால் உடையும் இடம் மட்டும் அங்கே நகரும். ஷாஃப்ட், ஜாயின்ட் இரண்டையும் வலுவாக்கினால் அடுத்து கிரவுன் பல் போகும், அதை நடுக்காட்டில் வைத்து மாற்ற முடியாது. என்னைக் கேட்டால் ஜாயின்ட்டையே பலவீனமான இடமாக விட்டுவைத்து, பழைய கம்பெனி ஷாஃப்ட்டை ஜாயின்ட்டோடு வண்டியில் உபரியாகப் போட்டுக்கொள்வேன்.